மஞ்சள் காமாலைக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு வைரஸா?

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. கல்லீரல் தன் வேலையைச் செய்ய முடியாமல் தடுமாறும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் ரத்தத்தில் தேங்கி, கண்ணின் வெள்ளையிலும் தோலிலும் தெரிகிறது. அவ்வளவுதான். கல்லீரல் ஏன் தடுமாறியது என்பதை அந்த மஞ்சள் சொல்லாது. அதைச் சொல்ல ரத்தப் பரிசோதனை வேண்டும். ஒரு குழந்தைக்குக் கண் மஞ்சளானால் பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான்: ஒரு பரிசோதனை, அதில் ஒரு வைரஸின் பெயர், அத்துடன் தேடல் முடிந்தது.

ஏழ்மையில் வளரும் குழந்தைகள் விஷயத்தில் இப்படி நிறுத்திக்கொள்வது ஆபத்தானது. சாக்கடை கலந்த குடிநீர், சுத்தம் செய்யாமல் மறுபடி பயன்படுத்திய ஊசி, கர்ப்பக் காலத்தில் ஒரு பரிசோதனைகூடக் கிடைக்காத தாய் ஆகியவைதான் இந்த வைரஸ்கள் நுழையும் வழிகள். இவற்றில் எந்த வழியும் ஒரே ஒரு வைரஸுக்கு மட்டும் திறந்து, அடுத்ததற்கு மூடிக்கொள்வதில்லை. அதனால் ஒரு குழந்தையிடம் ஒரு வைரஸ் கிடைத்துவிட்டது என்றால், இன்னொன்றையும் தேடிப் பார்க்க அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒரே உடலில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிருமிகள் சேர்ந்து இருப்பதைக் கூட்டுத் தொற்று என்கிறோம். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் இது எப்படி நடக்கிறது, நடந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. அதை உண்டாக்கும் முக்கிய வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, இ. எழுத்து வரிசையில் பெயர் வைத்திருப்பதால் ஒரே குடும்பம் போலத் தோன்றும். உண்மையில் இவற்றுக்குள் உறவு கிடையாது. ஒரே உறுப்பைத் தாக்குவதுதான் பொது. ஏ-யும் இ-யும் மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாக வாய்க்குள் போகின்றன. பி, சி, டி மூன்றும் ரத்தம், உடல் திரவங்கள் வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் போகின்றன.

ஹெபடைட்டிஸில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு என்பது உறுதிப்பட்ட விதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் என்ற அரசு விடுதி இருந்தது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளை அளவுக்கு மீறி அடைத்து வைத்திருந்த இடம் அது. 1950-களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே சால் குருக்மன் என்ற மருத்துவரின் குழு, குழந்தைகளுக்கு வேண்டுமென்றே ஹெபடைட்டிஸ் கிருமியைக் கொடுத்து ஆராய்ந்தது. ஒருமுறை காமாலை வந்து தேறிய அதே குழந்தைக்கு மறுபடியும் வந்ததை அவர்கள் கவனித்தார்கள். இரண்டு தனித்தனி வகைகள் இருக்கின்றன என்று 1967-ல் எழுதினார்கள். இன்றைய ஏ-யும் பி-யும்தான் அவை. பின்னால் வந்த தடுப்பூசி ஆராய்ச்சிக்கு அது உதவியது உண்மை. மறுத்துப் பேச முடியாத குழந்தைகளின் உடலில் அதைச் செய்தார்கள் என்பதும் உண்மை. ஒரு குழந்தைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ் வரலாம் என்று மருத்துவம் உறுதிசெய்துகொண்டது இப்படித்தான்.

தண்ணீர் கொண்டுவருபவை

சுகாதார வசதி குறைந்த இடங்களில் பத்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைட்டிஸ் ஏ வந்து போய்விடுகிறது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு வந்ததே தெரியாது, கண்கூட மஞ்சளாகாது. அப்புறம் ஆயுள் முழுக்க அதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும். "காமாலைதானே, தானாகச் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை இந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். ஏ-யைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. மற்ற நான்குக்கும் அதையே பொருத்திப் பார்ப்பதில்தான் சிக்கல்.

1955 டிசம்பரில் டெல்லியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். யமுனையில் வெள்ளம் வந்து வடிந்தபோது, குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை நீர் கலந்தது. சில வாரங்களில் ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை வந்தது. ஏ வகைதான் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். ஆனால் நோயுற்றவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். சிறு வயதிலேயே ஏ வந்துபோன ஊரில் பெரியவர்கள் இத்தனை பேருக்கு எப்படி ஏ வரும்? பத்திரப்படுத்தி வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதுதான் அது ஏ இல்லை என்று தெரிந்தது. 1983-ல் மிகயில் பலாயன் என்ற ரஷ்ய விஞ்ஞானி, ஏற்கெனவே ஏ-க்கு எதிர்ப்புச் சக்தி இருந்த தன் உடலிலேயே நோயாளிகளின் மல மாதிரியைச் செலுத்திக்கொண்டு, காமாலை வரவழைத்து, புதிய வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். அதுதான் ஹெபடைட்டிஸ் இ.

ஒரே குழாய்த் தண்ணீரில் ஏ-யும் இ-யும் சேர்ந்து வர முடியும், வருகின்றன. திடீர்க் கல்லீரல் செயலிழப்புடன் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் ரத்தத்தில் இரண்டும் ஒன்றாகத் தென்பட்டதைத் தெற்காசிய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இரண்டும் வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி ஆகும் என்று பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். ஆனால் காமாலை வந்த குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசிந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அது கல்லீரல் கைவிடுகிற அறிகுறி.

இ-யின் இன்னொரு கொடுமை கர்ப்பிணிகளிடம் தெரியும். கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்ணுக்கு, தண்ணீரில் பரவும் வகை இ வந்தால் நான்கு அல்லது ஐந்து பேரில் ஒருவர் வரைகூட இறக்கலாம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் அது போகும். இதற்கு ஒரு தடுப்பூசி 2011-ல் சீனாவில் அனுமதி பெற்றது. நோய் பரவிக்கொண்டிருக்கும் சூழலில் முதன்முதலாக அதைப் பயன்படுத்தியது 2022-ல், தெற்கு சூடானில், இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருக்கும் பென்டியு முகாமில்.

ஊசி கொண்டுவருபவை

ரத்தம் வழியாகப் பரவுகிறவற்றில்தான் கூட்டுத் தொற்றின் முழு வடிவமும் தெரிகிறது. ஒரு ஊசியில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தில் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். பி வைரஸ் உலர்ந்த பரப்பில்கூட ஏழு நாட்களாவது உயிர்ப்போடு இருக்கும்.

எகிப்தில் 1950-கள் முதல் 1980-கள் வரை, நத்தைகள் வழியாகப் பரவும் சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணி நோயை ஒழிக்க அரசு பெரிய இயக்கமே நடத்தியது. கிராமம் கிராமமாக ஊசி மருந்து கொடுத்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் கண்ணாடி ஊசிகளைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போட்டதில் ஹெபடைட்டிஸ் சி நாடெங்கும் பரவியது. 2008-ல் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேரிடம் சி-யின் தடயம் இருந்தது. அந்த நாடு பிறகு கோடிக்கணக்கானவர்களைச் சோதித்து, மருந்து கொடுத்து, 2023-ல் சி-யை ஒழிக்கும் பாதையில் முன்னணி நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. மனம் வைத்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லிபியாவின் பெங்காசியில் 1998-ல் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்று வந்தது தெரியவந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஹெபடைட்டிஸ் சி-யும் இருந்தது. அந்த எண்ணைக் கவனித்தாலே போதும்: வேறு வேறு வைரஸ்கள் இத்தனை குழந்தைகளிடம் சேர்ந்து இருந்தால், நுழைந்த வழி ஒன்றுதான். 2019-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ரதோதேரோ என்ற ஊரில் மறுபடியும் அதே கதை. 900-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது, ஐந்தில் நான்கு பேர் குழந்தைகள். அவர்களுடைய தாய்மார்களில் மிகப் பெரும்பாலானோருக்குத் தொற்று இல்லை. குழந்தைகளுக்கு அது பிறப்பில் வரவில்லை, காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் சிகிச்சை என்று போன இடத்தில் வந்தது. அதே குழந்தைகளில் சிலரிடம் பி-யும் சி-யும்கூட இருந்தன.

ஏழைக் குடும்பங்கள் ஊசியை நம்புகின்றன. மாத்திரையைவிட ஊசி வேகமாகக் கேட்கும் என்ற எண்ணம் வலுவானது. ஒரு நாள் கூலியை இழந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்க்கு, இன்றே காய்ச்சல் விட வேண்டும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை, ஒரு புது ஊசியைக்கூட உறுதி செய்ய முடியாத அமைப்பில் இருக்கிறது. ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொண்டு மறுமுறை இயங்காத ஊசிகள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய்களுக்காக மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஒவ்வொரு பையும் வேறு ஒருவருடைய ரத்தம். சோதனை பலவீனமாக இருக்கும் இடத்தில், பத்து வயதுக்குள் அந்தக் குழந்தை நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சந்தித்திருக்கும்.

தாயிடமிருந்து

பி வைரஸில் எல்லாமே வயதைப் பொறுத்தது. பெரியவர் ஒருவருக்கு வந்தால், நூற்றுக்கு 95 பேர் சில மாதங்களில் அதை விரட்டிவிடுகிறார்கள். பிறந்த சமயத்தில் தாயிடமிருந்து வந்தால், பத்தில் ஒன்பது குழந்தைகளின் உடலில் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. காய்ச்சல் இருக்காது, காமாலை இருக்காது. குழந்தை விளையாடும், படிக்கும், வளரும். முப்பது நாற்பது வயதில் கல்லீரல் சுருங்கியோ புற்றுநோயாகவோ அது வெளியே வரும்.

சி-யில் கணக்கு வேறு. தாய்க்கு இருந்தால் இருபது குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் போகிறது. ஆனால் தாய்க்கு எச்.ஐ.வி.-யும் இருந்து அதற்குச் சிகிச்சை இல்லாவிட்டால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஒரு வைரஸ் இன்னொன்றுக்குக் கதவைத் திறந்துவிடுவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சி-யில் பலரும் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. வைரஸை எதிர்க்கத் தாயின் உடல் உருவாக்கிய எதிர்ப்பணுக்கள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயது வரைகூட இருக்கும். அதற்குள் சாதாரண எதிர்ப்பணுப் பரிசோதனை செய்தால், தொற்றே இல்லாத குழந்தைக்கும் 'இருக்கிறது' என்று வரும். அதனால் ஒன்றரை வயதுக்குப் பிறகு சோதிக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் தெரிய வேண்டுமானால் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.-வையே நேரடியாகத் தேட வேண்டும். பிரசவத்தில் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்துக்காக ஒன்றரை ஆண்டு கழித்து ஞாபகமாகத் திரும்பி வருவது, பிழைப்புக்காக இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துக்கு லேசான காரியம் இல்லை. இப்படித்தான் பல குழந்தைகள் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

டி என்ற ஒட்டுண்ணி வைரஸ்

1977-ல் இத்தாலியின் டூரின் நகரில் மரியோ ரிசெட்டோ, பி நோயாளிகளின் கல்லீரலில் புதியதாக ஒன்றைப் பார்த்தார். மனிதரைத் தாக்கும் வைரஸ்களில் மிகச் சிறியதான அது, தனக்கென்று மேலுறைகூட இல்லாதது. பி-யின் மேலுறையை இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டுதான் அடுத்த உயிரணுவுக்குள் நுழையும். அதாவது பி இல்லாமல் டி வாழவே முடியாது. கூட்டுத் தொற்றாக மட்டுமே இருக்கக்கூடிய வைரஸ் இது.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் பெரும்பாலும் உடல் இரண்டையும் சேர்த்து விரட்டிவிடும். ஏற்கெனவே பி தங்கியிருக்கும் உடலில் டி பிற்பாடு வந்து சேர்ந்தால் நிலைமை தலைகீழ். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அதுவும் நிரந்தரமாகிவிடுகிறது, கல்லீரல் சுருக்கம் பல ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. பிறப்பிலேயே பி வாங்கிய குழந்தைகள் நிறைந்த ஒரு சமூகத்துக்குள் டி நுழைந்தால் என்ன ஆகும் என்பதை வெனிசுவேலாவின் யுக்பா பழங்குடி மக்களிடம் உலகம் பார்த்தது. 1979 முதல் 1981 வரை அவர்களில் 149 பேருக்குக் கடுமையான ஹெபடைட்டிஸ் வந்தது. 34 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் இளைஞர்களும். அமேசான் காடுகளில் லாப்ரியா காய்ச்சல் என்று வெகுகாலமாகப் பேர் தெரியாமல் குழந்தைகளைக் கொன்றுவந்த நோய்க்குப் பின்னாலும் இதே பி-டி கூட்டுதான் இருந்தது.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. பி இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த குழந்தைக்குத் திடீரென்று காமாலை வந்தால், பழி உடனே பி-யின் மேல் விழுகிறது. பல சமயம் பி வெறுமனே அங்கே இருந்திருக்கும். புதிதாக வந்தது ஏ-யாகவோ இ-யாகவோ டி-யாகவோ இருக்கலாம். இதுவே எதிர்ப்பக்கமும் நடக்கிறது: ஏ-க்காக வந்த காமாலையில் ஏ மட்டும் சோதிக்கப்பட்டு, குழந்தை தேறி வீட்டுக்குப் போகிறது, உள்ளே சத்தமில்லாமல் இருந்த பி-யைக் கண்டுபிடிக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பும் அத்துடன் போகிறது.

மருந்து இரண்டு பக்கமும் வெட்டும்போது

பி-யும் சி-யும் ஒரே கல்லீரலில் இருந்தால் பெரும்பாலும் சி மேலோங்கி, பி-யை அடக்கி வைக்கும். பரிசோதனையில் பி-யின் அளவு மிகக் குறைவாகத் தெரியும். கவலையில்லை என்று தோன்றும். பிறகு சி-க்கு மருந்து கொடுத்து அதை ஒழித்ததும், அடங்கிக் கிடந்த பி எழுந்துவிடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 அக்டோபரில் இதைப் பற்றித் தன் கடுமையான வகை எச்சரிக்கையை வெளியிட்டது. அப்போது அதன் கைக்கு வந்திருந்த 24 நோயாளிகளில் இருவர் இறந்திருந்தார்கள். அதனால் சி-க்குச் சிகிச்சை தொடங்கும் முன் பி இருக்கிறதா என்று பார்ப்பது இன்று கட்டாயமான நடைமுறை.

எச்.ஐ.வி.-யும் பி-யும் சேர்ந்த குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது, என் கருத்தில் மிகவும் கவனிக்கப்படாததும்கூட. சிறு குழந்தைகளுக்கான எச்.ஐ.வி. கூட்டு மருந்தில் அபாகாவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகியவை இருக்கும். மூன்றும் சேர்ந்து எச்.ஐ.வி.-யை நன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் இவற்றில் லாமிவுடின் ஒன்றுதான் பி-யையும் தாக்கும். ஆக, எச்.ஐ.வி.-க்கு மூன்று மருந்து வாங்கும் குழந்தை, தனக்கே தெரியாமல் பி-க்கு ஒற்றை மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது. ஒற்றை மருந்துக்கு வைரஸ் சில ஆண்டுகளில் பழகிவிடும். அப்புறம் அந்த மருந்து பயன்படாது. பி-க்கு உறுதியான மருந்து டெனோபோவிர். இரண்டு வயதுக்கு மேல் அதைக் கொடுக்க அனுமதி உண்டு. வளரும் எலும்பும் சிறுநீரகமும் பாதிக்கப்படுமோ என்ற தயக்கத்தில் சிறியவர்களுக்கு அதை எளிதில் எழுதுவதில்லை. பி இருப்பது தெரிந்திருந்தால் அந்தத் தயக்கத்தை எடைபோட்டுப் பார்க்கலாம். தெரியவே இல்லையென்றால் எடைபோட ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, மருந்து வரத்து நின்று சில வாரங்கள் விடுபட்டுப் போனால், அடங்கியிருந்த பி திடீரென்று பொங்கி எழக்கூடும்.

ஏழ்மை வேறு விதத்திலும் இந்தக் கணக்கில் சேர்கிறது. சரியாக உலர்த்தாமல் சேமித்த மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் வளரும் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. பி வைரஸும் இந்த நஞ்சும் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கான ஆபத்து பல மடங்காகிறது.

தடுக்க முடிந்தவை

2022-ம் ஆண்டுக் கணக்கில் உலகில் 25.4 கோடிப் பேர் பி-யுடனும், 5 கோடிப் பேர் சி-யுடனும் வாழ்கிறார்கள். இந்தச் சுமையில் 12 சதவீதம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுடையது. ஆனாலும் குழந்தைகளைப் பொறுத்தவரை நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. தைவான் 1984-ல் பச்சிளங்குழந்தைகளுக்குப் பி தடுப்பூசியைத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில், 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70 என்ற அளவிலிருந்து 0.36 ஆகக் குறைந்தது. உலக அளவிலும், தடுப்பூசிக்கு முன் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரிடம் இருந்த பி, 2019-ல் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. பி-யைத் தடுத்தால் டி-க்கு இடமே இல்லை; ஒரு ஊசி இரண்டு வைரஸைத் தடுக்கிறது.

குறை எங்கே என்றால் முதல் 24 மணி நேரத்தில். பிறந்த ஒரு நாளுக்குள் போட வேண்டிய முதல் தவணை, 2022-ல் உலகக் குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. ஆப்பிரிக்காவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஆறு வாரத்தில் தொடங்கும் தவணைகள் நன்றாகப் போய்ச் சேர்கின்றன, ஆனால் பிரசவத்தில் வந்துவிட்ட தொற்றுக்கு ஆறு வாரம் மிகத் தாமதம். வீட்டில் நடக்கும் பிரசவங்களுக்கு அந்த ஊசி போவதில்லை என்பது ஒரு பெரிய காரணம். வெப்பத்தை நன்றாகத் தாங்கும் தடுப்பூசிகளில் இது ஒன்று என்பதால், பிரசவம் பார்க்கும் செவிலியர் கையில் கொடுத்தனுப்புவது ஆகாத காரியம் இல்லை. கூடவே, பி உள்ள கர்ப்பிணிக்கு நான்காம் மாதம் தொடங்கிப் பிரசவம் வரை டெனோபோவிர் கொடுத்தால் குழந்தைக்குப் போவது இன்னும் குறையும். வைரஸ் அளவைச் சோதிக்க வசதி இல்லாத இடங்களில், பி உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்குமே கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வழி திறந்திருக்கிறது.

சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் குணமாக்கும் மருந்து இருக்கிறது. முன்பு மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி போட்டு, குழந்தைகள் காய்ச்சலிலும் சோர்விலும் துவண்டு போவார்கள். இப்போது எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் மாத்திரை. நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள். மூன்று வயது முதல் கொடுக்கலாம் என்று 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

ஒரு குழந்தையிடம் பி-யோ சி-யோ கண்டால், அந்த வீட்டின் மற்றவர்களையும் அதே வாரத்தில் சோதிக்க வேண்டும். தாய்க்கு இருப்பது அப்போதுதான் முதன்முதலாகத் தெரியவரலாம். அவரிடம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், சி இருந்து காம்பில் வெடிப்பும் ரத்தக் கசிவும் இருக்கும் நாட்களில் மட்டும் கொடுக்காமல் இருந்தால் போதும்; இரண்டாவது, ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் கட்டிப்பிடிப்பதாலும் பி பரவாது, பல் துலக்கும் பிரஷையும் சவரக் கத்தியையும் மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் கூடப்பிறந்தவர்கள். அண்ணனுக்குப் பி இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே, தொற்று இல்லாத தங்கைக்கு முதல் தவணையைப் போட்டுவிடலாம். ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே பாயில் படுத்துத் தூங்குவதில் எந்தப் பயமும் இல்லை.